நாமிகுச்சியில் வளர்ந்த தூக்குச்சட்டி

ஜப்பானின் மேற்குக் கடற்கரையில் நாமிகுச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது, மலையும் கடலும் நெருக்கியதில் மிச்சமான இடத்தில் கட்டிய ஊர், அங்கே ஒரு முடிதிருத்தும் கடைக்கும் அதன் எதிரே உள்ள பழைய மரவீட்டுக்கும் நடுவில் போகிற தெருவின் ஓரமாக ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி நிற்கிறது, அதற்குள் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடலாம், மழை பிடித்துக்கொண்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் மூடியைச் சாய்த்து வைத்திருக்கும் இடத்தில் ஒதுங்குகிறார்கள், பஸ் ஓட்டுகிறவர் அந்த நிறுத்தத்துக்கு இருந்த பழைய பெயரை விட்டுவிட்டு "பெரிய சட்டி, பெரிய சட்டி" என்றுதான் மைக்கில் சொல்கிறார். ஜப்பான்காரர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சட்டி எங்கள் தூத்துக்குடியில் வாங்கியது, வாங்கியபோது அதில் ஒரு ஆள் சோறு கொள்ளும், அவ்வளவுதான். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், விசா எடுக்கிற பாடு அவர்கள் பாடு.

சட்டிக்குச் சொந்தக்காரி பனிமயம். எங்கள் தெருப் பிள்ளை. எங்கள் ஊர் மாதாவின் பெயரைத்தான் வைத்தார்கள், ஆனால் பெயரில் இருக்கிற பனியை அவள் சோடாக்கடை ஐஸ்பெட்டிக்கு வெளியே கண்டதில்லை. நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்து, சென்னையில் தங்கி ஜப்பானிய மொழி படித்து, நாமிகுச்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள், போகும்போது புளியும் மிளகாய்த்தூளும் ஒரு ஜெபமாலையும், கோவிலில் முதன்முதலாக அப்பம் வாங்கிய புதுநன்மை அன்று தாய்மாமன் பெயர் வெட்டிக் கொடுத்த அந்தத் தூக்குச்சட்டியையும் கொண்டுபோனாள். அவள் அம்மா விமான நிலையம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

"ஏட்டி, அங்க ஒனக்கு ஆரு இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம் பாக்கேம்மா," என்றாள் பனிமயம். "அதுக்குள்ள உரிமையா என் வாசல்ல வந்து நிக்கதுக்கு ஒரு ஆள் கெடைக்கலன்னா, நானே திரும்பி வந்துருதேன்."

வேலையில் குறை இல்லை. முதியவர்களைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், நகம் வெட்டினாள், மேலாளர் அம்மாள் மற்றவர்கள் முன்னால் வைத்தே அவளைப் புகழ்ந்தாள். வேலை முடிந்து அந்த மரவீட்டின் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனால்தான் கஷ்டம், அங்கே குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது, தெருவில் எல்லாரும் குனிந்து வணங்கினார்கள், நன்றாகத்தான் வணங்கினார்கள், வணங்கிவிட்டு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி இருமினால் நாலு வீட்டுக்காரி கஷாயத்தோடு வருவாள், அது தொல்லைதான், ஆனால் அந்தத் தொல்லைக்கு அவள் ஏங்கிப் போனாள்.

குடிவந்தவர்கள் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் ஒரு சின்னப் பொருளோடு போய் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம், பெரும்பாலும் ஒரு துண்டு கொடுப்பார்கள் என்று மேலாளர் அம்மாள் சொல்லியிருந்தாள். துண்டு என்றதும் பனிமயத்துக்குச் சாவு விழுந்த துஷ்டி வீடுதான் நினைவுக்கு வந்தது. நல்ல மனுஷிக்குப் போய் யாராவது துண்டு கொடுப்பார்களா என்று சொல்லிக்கொண்டு, கடற்கரைச் சந்தையில் நல்ல அயிலையாகப் பார்த்து வாங்கி, புளி கரைத்து, தேங்காய் கிடைக்காமல் டப்பாவில் அடைத்த தேங்காய்ப்பாலை ஊற்றி ஒரு குழம்பு வைத்து, அதைத் தூக்குச்சட்டியில் விளிம்பு வரைக்கும் நிறைத்து எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரி பெயர் சிஸுயோ. ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உடம்பு, எப்போதும் வெள்ளை மேலங்கி. புருஷன் வேறொருத்தியோடு பெரிய ஊருக்குப் போய்விட்டான், கடையையும் கத்தியையும் விட்டுவிட்டுப் போனான், இவள் அந்தக் கத்தியைத் தீட்டி அந்த ஊர் ஆண்களின் முகமெல்லாம் மழித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பதில் மட்டும் மகா சிக்கனம். அவர்கள் பேசியது ஜப்பானிய மொழி, அதிலும் கடற்கரைப் பேச்சு, டோக்கியோக்காரர்களுக்கே சரியாகப் பிடிபடாது. நான் நம் பேச்சில்தான் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"எதிர்வீட்டுக்கு வந்திருக்கேன். பேரு பனிமயம். இது மீன் குழம்பு," என்றாள் பனிமயம்.

சிஸுயோ இரண்டு கையாலும் சட்டியை வாங்கி, மூடியைத் திறக்காமலே குனிந்து, "இவ்வளவு சிரமம் எடுத்துக்கிட்டீங்களே, பனி சான்," என்றாள். சான் என்பது அவர்கள் மரியாதைக்காகப் பெயரோடு சேர்க்கும் சொல்.

இரண்டு நாள் கழித்துச் சட்டி திரும்பி வந்தது. பளபளவென்று கழுவி, ஈரம் துடைத்து, பூப்போட்ட துணியில் முடிச்சுப் போட்டுக் கட்டி வந்தது, உள்ளே சிஸுயோ கையால் ஊறவைத்த முள்ளங்கி ஊறுகாய் இருந்தது, ஆனால் சட்டியில் பாதிதான் இருந்தது. பனிமயம் அந்தப் பாதியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழம்பு பிடிக்கவில்லை போல என்று அவளுக்கு முகம் வாடிப்போனது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வெறுஞ்சட்டியாத் தரலல்லா?" என்றாள் அம்மா.

"பாதி இருக்கும்மா."

"பெறகென்ன. மொறை தெரிஞ்ச பொம்பளைதான். நீ இன்னும் நல்லா, நெறக்கச் செஞ்சி கொண்டுபோய்க் குடு. வெறுஞ்சட்டிய வச்சிக்கிட்டு இருக்காதட்டி."

அப்படித்தான் தொடங்கியது. பனிமயம் கணவாய் வறுத்துக் குவித்துக் கொண்டுபோனாள், சட்டி பாதி டோஃபு என்கிற சோயாக்கட்டியோடு திரும்பியது. இவள் இறால் போட்டுப் பிரட்டிய சோற்றை அமுக்கி அமுக்கி அடைத்தாள், அது பாதிச் சட்டி காய்ந்த பெர்சிம்மன் பழத்தோடு, நம்மூர்ப் பனிச்சம்பழத்துக்குச் சொந்தக்காரப் பழம், வெல்லக்கட்டி போல இனிப்பு, அதோடு வந்தது. பாதி வரும் ஒவ்வொரு தடவையும் இவள் போன தடவையைவிடக் கூடுதலாகச் செய்தாள், ஒவ்வொரு தடவையும் சிஸுயோ முன்னைவிடத் தாழக் குனிந்தாள், சட்டியும் ஒவ்வொரு தடவை தெருவைக் கடக்கும்போதும் கொஞ்சம் வளர்ந்தது.

வளர்ந்ததை இருவரும் பார்த்தார்கள். பார்க்காமல் எப்படி இருக்கும், ஒரு கையில் தொங்கியது இரண்டு கைக்கு வந்து, இரண்டு கையில் இருந்தது இடுப்புக்கு ஏறி, பிறகு மீன்கடைத் தள்ளுவண்டியை இரவல் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒருவர் கொண்டுவந்த பாத்திரத்தின் பருமனைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே பேசுவது அந்த ஊரில் மரியாதைக் குறைவு, ஆகவே சிஸுயோ பேசவில்லை, சிஸுயோவே பேசாதபோது நான் என்னத்தைச் சொல்ல என்று பனிமயமும் பேசவில்லை, தெருவில் மற்றவர்கள் தள்ளுவண்டி போவதைப் பார்த்து "இன்றைக்கு வெயில் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். உலகத்திலேயே மிகப்பெரிய விஷயத்தையும் வெயிலைப் பற்றிப் பேசிக் கடந்துவிடத் தெரிந்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. மாமன் வெட்டிக் கொடுத்த பெயரும் சட்டியோடு சேர்ந்து பெருத்தது. எழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சட்டைப் பொத்தானாகி, பொத்தான் ஒரு தோசையாகி, பிள்ளைகள் அந்தக் குழிகளில் விரல் விட்டுத் தடவித் தடவி அந்த எழுத்துகளை அவர்களாகவே எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் சட்டி கடையின் வாசலுக்குள் நுழையாமல் நின்ற அன்றுதான் தெருச்சங்கம் கூடியது. நம்மூரில் சங்கம் கூடினால் முதலில் மைக் வேலை செய்யாது, பிறகு யாராவது எழுந்து வெளியே போவார்கள். அங்கே தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்கள். தலைவர் கொதானி சான், ஓய்வுபெற்ற படகுக் கேப்டன், இன்ஜின் சத்தத்தில் பேசிப் பேசிப் பழகியதால் நாலு பேர் இருக்கும் அறையிலும் நடுக்கடலில் நிற்பவர்போல் கத்துவார். சட்டி ஏன் வளர்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள். ஓரத்தில் நின்றால் அது வண்டியா, வண்டியென்றால் கோடு போட வேண்டாமா என்று கேட்டார்கள். எவர்சில்வரில் பட்டுத் தெறிக்கும் காலை வெயில் மூலைவீட்டுக்காரரின் படுக்கையறையில் விழுகிறது என்று அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முறையிட்டார், வெயில் விழும் பக்கத்தில் காய வேண்டிய கணவாய்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு மறைத்துக்கொடுத்தார்கள், கணவாயும் சீக்கிரம் காய்ந்தது. தீயணைப்புப் படைக்காரர் ஒருவர் வந்து, ஆபத்துக்குத் தண்ணீர் நிறைக்க ஆகுமா என்று தட்டிப் பார்த்து, ஆகும் என்று தலையாட்டினார்.

"ஒரு வீட்டால இனிமே இத நெறைக்க முடியாது," என்று கத்தினார் கொதானி சான். "இந்தப் பக்கத்து வீடெல்லாம் பனி சானோட சேந்துக்குங்க. அந்தப் பக்கத்து வீடெல்லாம் நகாதா சானோட சேந்துக்குங்க." நகாதா என்பது சிஸுயோவின் குடும்பப் பெயர்.

பனிமயத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து, "எல்லாருக்கும் தொந்தரவு கொடுக்கிறேன்," என்றாள். பக்கத்தில் இருந்த மீன்கடைக்காரி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, "தேங்காய் எங்க வாங்கணும், அத மட்டும் சொல்லுங்க," என்றாள்.

அந்தக் கோடையும் அதற்குப் பின் வந்த இலையுதிர் காலமும் நாமிகுச்சித் தெரு சாப்பிட்டதைப் போல வேறு எந்தத் தெருவும் சாப்பிட்டிருக்காது என்று நான் சத்தியம் செய்வேன். பனிமயத்தின் பக்கத்துப் பெண்கள் அவளது குறுகிய சமையலறையில் முட்டி மோதி நின்று வெங்காயம் உரித்தார்கள், கடுகு வெடிக்கும்போது ஒரு அடி பின்னால் போய் வெடித்து முடிந்ததும் ஒரு அடி முன்னால் வந்தார்கள், கறிவேப்பிலையைத் தின்ன வேண்டுமா ஒதுக்க வேண்டுமா என்று அவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. மிசோ என்கிற சோயா விழுதை எந்த நேரத்தில் கரைத்தால் வாசம் போகாது என்று அவர்கள் இவளுக்குக் காட்டினார்கள், மீனைத் தொடாமல் கண்ணைப் பார்த்தே வாங்குகிறவளான இவள் சந்தையில் அவர்களுக்குக் காட்டினாள். ஆளுக்கொரு குண்டானில் கொண்டுவந்து ஏணி வைத்து ஏறிச் சட்டிக்குள் ஊற்றுவார்கள், பிறகு அந்த ஊர்த் திருவிழாச் சப்பரத்தின் கட்டைகளைச் சட்டியின் காதுகளில் கோத்து, ஆண்களும் பெண்களும் தோள் கொடுத்து, "வாஷ்ஷோய், வாஷ்ஷோய்" என்று கூவிக்கொண்டு தெருவைக் கடப்பார்கள், இரண்டு பக்கமும் நிற்கும் கார்கள் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கும், அந்தப் பக்கம் இறக்கி வைத்ததும் எல்லாரும் கிண்ணத்தோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் கூவலில் பனிமயத்துக்கு மாதா கோவில் தேர் வருவதுபோல உடம்பு சிலிர்க்கும். முதியோர் இல்லத்துக்கும் ஒரு பங்கு போனது, பல நாளாகச் சாப்பிட மறுத்துவந்த ஒரு கிழவர் இரண்டாம் தடவை ரசம் கேட்டார்.

ஆனாலும் அவளுடைய கணக்கில் பாதியாகத் திரும்பி வந்த சட்டி பாதியாகவே வந்தது. எதிர்ப்பக்கம் எத்தனை வீடு சேர்ந்தாலும் சிஸுயோதான் அளந்து ஊற்றச் சொல்வாள், சரியாகப் பாதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்துவாள், மற்ற எல்லாரும் பனிமயத்தின் வீட்டில் வெங்காயம் உரித்தார்கள், சிஸுயோ மட்டும் ஒரு தடவைகூட வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. தெருவே பனிமயத்தோடு சிரித்தபோதும், அவள் எதிர்பார்த்தது அந்தச் சிரிக்காத முகத்தைத்தான். மனசு அப்படித்தானே, கிடைத்ததை விட்டுவிட்டுக் கிடைக்காத ஒன்றின் வாசலில்தான் போய் நிற்கும்.

குளிர்காலம் வந்தது, முதல் பனி விழுந்தது. மேலாளர் அம்மாள் பனிமயத்தைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் முடியப் போகிறது, தொடர்வீர்களா என்பதைத் திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றாள். அதே வாரத்தில் தெருச்சங்கமும் கூடியது, ஏனென்றால் சட்டி இன்னும் ஒரு முறை கடந்தால் இரண்டு பக்கத்துக் கூரையையும் தொட்டுவிடும் என்று கொதானி சான் கயிறு பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். சட்டி அப்போது பனிமயத்தின் பக்கம் இருந்தது. சிஸுயோவுக்குக் கடையில் ஆள் இருந்ததால் அவள் அன்று வரவில்லை.

"நிறுத்தறதுன்னா எப்படி நிறுத்தறது?" என்று மீன்கடைக்காரி கேட்டாள்.

பனிமயம் பல மாதமாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டாள். "கொதானி சான், நான் கொண்டுபோறது நகாதா சானுக்குப் பிடிக்கலையா? நான் எவ்வளவு கொடுத்தாலும் பாதிதான் திரும்பி வருது."

கொதானி சான் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் துளி கிடையாது, அப்படிப்பட்டவர்கள்தான் சில சமயம் நம்மை நன்றாகக் குத்திவிடுகிறார்கள். "அது எங்க ஊர் முறைங்க. வாங்கினதுல பாதி திருப்பிக் கொடுப்போம். அதுக்கு அவங்க அதுலயும் பாதி ஏதாவது கொடுப்பாங்க. இப்படியே கொறைஞ்சு கொறைஞ்சு, யாருக்கும் மனசு நோகாம விஷயம் முடிஞ்சிரும். முடிக்கறதுக்குத்தான் பாதி. நீங்க என்னடான்னா ரெண்டு மடங்கு, ரெண்டு மடங்குன்னு கொண்டு போனீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பனிமயமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பொம்பளை முதல் நாளில் இருந்தே இதை முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். ஊறுகாயைப் பாதி வைத்து, போதும் என்று சொல்லியிருக்கிறாள், டோஃபுவைப் பாதி வைத்து, விட்டுவிடு தாயே என்று கெஞ்சியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் தாழத் தாழக் குனிந்திருக்கிறாள், நான் அவள் தலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பனிமயத்துக்கு மானம் போய்விட்டதுபோல் இருந்தது.

அன்றிலிருந்து சட்டி தெருவைக் கடக்கவில்லை. எதிர்ப்பக்கத்தார் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தார்கள், இந்தப் பக்கத்தார் வெங்காயம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பது அழகல்ல, "குளிர் ஜாஸ்தியாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சட்டிக்குள் பனி விழுந்து நிறைந்தது. பனிமயம் முன்தெரு வழியே போவதை விட்டுவிட்டு, பின்னால் மீன்வலைக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள், வழியில் இரண்டு முறை சறுக்கி விழுந்தாள். அம்மாவுக்குப் போன் செய்து, "வந்துருதேம்மா," என்றாள். இத்தனை நாள் வா வா என்று அழுத அம்மா அன்றைக்கு, "ஒன் இஷ்டம் மக்கா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. மதியத்துக்குச் சோறு வடித்து, சந்தையில் கிடைத்த கருவாட்டைப் போட்டு ஒரு குழம்பு வைத்தாள், தனக்கு மட்டும் வைத்தாள், ஆகவே அளவு பார்க்கவில்லை, ருசியும் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்த நேரத்தில் கதவு தள்ளித் திறக்கப்பட்டது. வாசலில் நின்று "இருக்கிறீர்களா" என்று குரல் கொடுப்பது அந்த ஊர் வழக்கம், அந்தக் குரல்கூட இல்லாமல் திறந்தது.

சிஸுயோ நின்றாள். அதே வெள்ளை மேலங்கி, அதில் யாருடைய நரைமுடியோ ஒட்டிக்கொண்டிருந்தது, தலையில் பனி, பையில்லை, துணி முடிச்சில்லை, இரண்டு கைகளும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. நாமிகுச்சியில் யாரும் அடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டார்கள், நாலு ஆரஞ்சுப் பழமாவது காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோவார்கள், கூடப்பிறந்த அக்காள் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பனிமயம் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"என்ன பாக்கறே? ஒண்ணும் கொண்டாரல," என்றாள் சிஸுயோ. செருப்பைக் கழற்றி, திருப்பிச் சேர்த்து வைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, ஏறி உள்ளே வந்தாள். "பசிக்குது."

பனிமயம் அடுப்படிக்குப் போனாள். தட்டெடுத்துச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். சிஸுயோ தாழ்வான மேசைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் வாயை எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"கொதானி கடைக்கு வந்தான். உன்கிட்ட பாதிக் கணக்குச் சொல்லிட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவனும் நானும் ஒரே வகுப்பு. அப்பவே வாய் நிக்காது."

"தப்பு என் மேலதான், நகாதா சான்," என்றாள் பனிமயம். "நீங்க முடிக்கப் பாத்தீங்க. எனக்குப் புரியல. ரொம்ப நாள் தொந்தரவு பண்ணிட்டேன்."

"முடிக்கத்தான் பாத்தேன்," என்றாள் சிஸுயோ. "அந்த முள்ளங்கி ஊறுகாய் முடிக்கறதுக்குத்தான் வச்சேன். டோஃபுவும் முடிக்கறதுக்குத்தான். எனக்கு யாரும் வேண்டாம்னு இருந்தவ நான்." இன்னொரு வாய் எடுத்து மென்றாள். "மூணாவது தடவ நீ சோத்த அமுக்கி அமுக்கிக் கொண்டு வந்தியே, மூடி மூட முடியாம. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, பாதி வச்சா நீ இன்னும் கூடுதலா எடுத்துக்கிட்டு மறுபடி வருவேன்னு. அதுக்கப்பறம் தெரிஞ்சேதான் பாதி வச்சேன்."

பனிமயம் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெறைச்சுக் கொடுத்தா, சரி, சமமாயிருச்சுன்னு நீ வராம போயிருந்தா?" என்றாள் சிஸுயோ. "அந்தப் பயத்துல அளந்து அளந்து ஊத்துனேன். தெருக்காரங்க எல்லாம் என்னைக் கருமின்னு நெனைச்சாங்க. நெனைச்சுட்டுப் போறாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டி பெருசாகி வர்றதப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? இப்ப அதுக்குள்ள பனி கொட்டிக் கெடக்குது, நீ பின்சந்து வழியாப் போய் விழுந்து எழும்புறே. கொதானி சொன்னதும் அவனப் பாதி சவரத்துல நாற்காலியிலயே உக்கார வச்சுட்டு வந்துட்டேன். இன்னும் நுரையோட உக்காந்திருக்கான். உக்காரட்டும்."

பனிமயம் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். மறைக்காமல் அழுதாள். சிஸுயோ ஆறுதல் சொல்லவில்லை, முதுகைத் தடவவில்லை, அவளுக்கு அதெல்லாம் வராது, தட்டை மட்டும் நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு," என்றாள்.

இரண்டாம் தடவையும் முழுவதும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அந்த ஊரில் கைகூப்பி நன்றி சொல்லாமல் சின்னப் பிள்ளைகூட எழுந்திருக்காது, சிஸுயோ எழுந்தாள், தட்டைத் தொடவில்லை, கழுவித் தரட்டுமா என்று கேட்கவில்லை, தன் வீட்டில் இருந்து புறப்படுகிறவள்போல மேலங்கியை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"பனி," என்றாள், சான் போடாமல். "புளி கூடப் போயிருச்சு. இன்னைக்கு மட்டும் இல்ல, மொத நாள்ல இருந்தே கூடத்தான். நாளைக்குக் கொஞ்சம் கொறச்சுப் போடு."

"நாளைக்கு நான் மேலாளரப் பாத்துட்டு வர நேரமாகும்," என்றாள் பனிமயம்.

"வந்து செய். நான் இங்கதான் இருப்பேன்," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமல், கொதானியின் மிச்ச முகத்தை மழிக்கத் தெருவைக் கடந்து போனாள் சிஸுயோ.